ஒற்றை ஆள் கூடாரம்

கூடாரப் பையின் மேல் ஒன்று தசம் எட்டுக் கிலோ என்று அச்சடித்திருந்தது. நான் நம்பவில்லை. கடைக்காரத் தம்பியிடம் அரை மணி நேரத்தில் வருகிறேன் என்று சொல்லி, அதைத் தோளில் போட்டுக்கொண்டு மீன்சந்தைக்கு நடந்தேன். பழக்கமான மீன்காரர் ஒருவர் பாரைக் குட்டிகளை ஒரு பக்கம் ஒதுக்கி, தராசுத் தட்டைக் கழுவித் துடைத்து, கூடாரத்தை ஏற்றினார். இரண்டு தசம் ஆறு. எண்ணூறு கிராம் பொய். அந்தப் பொய்யையும் சேர்த்துச் சுமந்துகொண்டு திருகோணமலையில் இருந்து கதிர்காமம் வரை நடக்கப் போகிறவள் என் மனைவி.

பிறகு தராசின் மேலும் சந்தேகம் வந்தது. பக்கத்தில் இருந்தவரின் தராசிலும் ஏற்றிப் பார்த்தேன். அது இரண்டு தசம் ஏழு என்றது. மீன்காரர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே ஒரு சண்டை கிளம்பும் முன்னர் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். முப்பத்திரண்டு வருடம் துறைமுகத்தில் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தவன் நான். கப்பலில் வந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவது, நிறுப்பது, நனைந்திருக்கிறதா, கிழித்துத் தைத்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்து எழுதுவது என் வேலை. சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் தந்தார்கள். ஓய்வு பெற்றதும் சம்பளம் பாதியாகக் குறைந்தது, சந்தேகம் குறையவில்லை. தீப்பெட்டிக்குள் எத்தனை குச்சி என்று எண்ணியிருக்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து வீடியோவில் கதைக்கும்போது அவர்களுடைய முகத்தைப் பார்க்க மாட்டேன், பின்சுவரைத்தான் பார்ப்பேன். சொன்ன வீட்டில்தான் இருக்கிறார்களா என்று தெரிய வேண்டாமா?

இது நடந்தது போன வருடம், சித்திரை கழிந்த கையோடு. மனைவி தையல் ஆசிரியையாக இருந்து இளைப்பாறியவள், அதிகம் கதைக்காதவள். ஒரு நாள் மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, இந்த முறை தான் கதிர்காமத்துக்கு நடக்கப் போவதாகச் சொன்னாள். ஒவ்வொரு வருடமும் யாழ்ப்பாணத்தில் இருந்து வேலுடன் புறப்படும் பாதயாத்திரைக் கூட்டம் வைகாசிக் கடைசியில் எங்கள் ஊருக்கு வரும். இங்கே சேர்கிறவர்கள் மூதூர், வெருகல், மட்டக்களப்பு என்று கரையோரமாகவே நடந்து, பொத்துவிலுக்கு அப்பால் காட்டுக்குள் இறங்கி, கொடியேற்றத்துக்குக் கதிர்காமம் போய்ச் சேர்வார்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் எனக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வைத்த நேர்த்திக்கடன் என்றாள்.

இருவரும் போவோம் என்றேன். உங்களுக்கு ஏலாது, டொக்டர் விடமாட்டார் என்றாள். அது தெரிந்த கதைதான். அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் எனக்குத் தொண்டையில் சிக்கியது.

"எனக்கு ஒரு கூடாரம் பாத்துத் தாங்கோ. பாரமில்லாததாப் பாருங்கோ. ஒரு ஆள் படுக்கக் காணும்."

பாதயாத்திரை போகிறவர்கள் கோயில் மண்டபத்தில் படுப்பார்கள், மரத்தடியில் படுப்பார்கள். ஒரு சீலையை விரித்து இன்னொரு சீலையால் போர்த்திக்கொள்வார்கள். கூடாரத்தோடு போனவர்களை நான் கண்டதில்லை. அதுவும் ஒரு ஆள் மட்டும் படுக்கிற கூடாரம். கலியாணம் முடித்து முப்பத்தொரு வருடத்தில் நாங்கள் ஒரு நாளும் தனித்தனியே படுத்ததில்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தவள் அவள். இப்போது என்னை விட்டுவிட்டுத் தனியே போய்ப் படுப்பதற்கு இவளுக்கு என்ன அவசரம்? அதைத் தெரிந்துகொள்ளாமல் அவளை அனுப்புவதில்லை என்று அன்றைக்கே தீர்மானித்தேன். நேரே கேட்டிருக்கலாம். ஆனால் களஞ்சியத்தில் நான் யாரையும் நேரே கேட்டதில்லை. முதலில் மூட்டையைத்தான் தடவிப் பார்ப்பேன்.

ஆகவே அவள் ஒரு ஆள் கூடாரம் கேட்க, நான் இரண்டு ஆள் கூடாரம் தேடினேன். கடைசி நேரத்தில் டொக்டரை எப்படியும் மடக்கி நானும் கிளம்பிவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம். போனில் இதைப் பற்றி நிறைய வாசித்தேன். தூர நடை நடக்கிற வெள்ளைக்காரர் பாரம் குறைப்பதற்காகப் பல்லுத் தீட்டும் பிரஷின் பிடியை வெட்டிவிடுகிறார்களாம். காற்சட்டையில் தைத்திருக்கும் லேபலையும் வெட்டிவிடுகிறார்களாம். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு சாமான் விற்கிறவர்கள் கிளப்பிவிட்டது என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் என் பிரஷின் பிடியை வெட்டிப் பார்த்தேன். ஈறு கிழிந்ததுதான் மிச்சம்.

நான் மீன்சந்தைக்குக் கொண்டுபோன கூடாரம், பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருந்த ஒரு கடையில் எடுத்தது. கடைக்காரத் தம்பி கிண்ணியாவைச் சேர்ந்தவர், நல்ல மரியாதையான ஆள். மரியாதையாகக் கதைக்கிறவர்களிடம் நான் கூடுதல் கவனமாக இருப்பேன். இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம் என்றார். அப்படியென்றால் விரியும், படுத்துப் பார்ப்போம் என்றேன். கடைக்கு நடுவில் விரித்தோம். நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு அவரையும் கூப்பிட்டேன். முதலில் சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு, தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு உள்ளே வந்து பக்கத்தில் படுத்தார். என் தோள் அவருடைய நெஞ்சில். அவருடைய முழங்கை என் விலாவில். ரொட்டி வாங்கப் போன ஒரு மனிதர் கடை வாசலில் நின்று எங்கள் நான்கு பாதங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், இது குடும்பமா இருக்கிற ரெண்டு பேருக்குச் சொன்னது" என்றார் தம்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

பிடிக்காவிட்டால் திருப்பித் தருவேன் என்ற ஒப்பந்தத்தில் அதை அன்புவழிபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து வளவில் விரித்தேன். தண்ணீர்க் குழாயை மாமரத்தில் கட்டி, கூடாரத்தின் மேல் விழும்படி திருப்பிவிட்டு, ஒரு பத்திரிகையை விரித்துக்கொண்டு உள்ளே இருந்தேன். எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று பத்திரிகை சொல்லிவிடும். களஞ்சியத்தில் நாங்கள் தார்ப்பாயைச் சோதிக்கிற முறை அது. நனைந்த சீனி, நனைந்த சீமெந்து, நனைந்த மா என்று என் வாழ்நாள் முழுவதும் தண்ணீரோடுதான் போராட்டம். மூன்று நாள் இப்படிச் சோதித்தேன். தையல் ஓரத்தில் இரண்டு இடத்தில் கசிவு. கண்டுபிடித்துவிட்டேன் என்று குசினி யன்னலைப் பார்த்துச் சத்தம் போட்டேன்.

அவள் கத்தரிக்காயை வெட்டுவதை நிறுத்தவில்லை. ஆனியில வெருகலுக்கு அங்கால எந்த மழையைக் கண்டனீங்கள் என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. இந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்களுக்கு மழை ஐப்பசிக்குப் பிறகு. யாத்திரை நடக்கும் மாதங்களில் கச்சான் காற்று அனலாக அடிக்கும், ஒரு துளி விழாது. இருந்தும் ஒரு கூடாரத்தை மூன்று நாள் மழைக்குச் சோதித்திருக்கிறேன். தோல்வியை ஒத்துக்கொள்ளாமல், குழாயைப் பூட்டிவிட்டு வெயிலுக்கும் பார்க்கலாம் என்று மத்தியானம் உள்ளே போய்ப் படுத்தேன். கால் மணி நேரத்தில் புட்டுக்குழலுக்குள் அடைத்தது போல அவிந்துபோய் வெளியே வந்தேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கூடாரச் சீலையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். இதற்குள் காற்று வராது, நான்கு பக்கமும் வலை வேண்டும், கீழ்ச்சீலை தடிப்பாக இருந்தால் முள்ளும் உண்ணியும் ஏறாது, மேற்சீலை பேருக்கு இருந்தால் போதும் என்றாள். மூன்று நாளில் நான் கண்டுபிடிக்காததை அரை நிமிடத்தில் சொல்லிவிட்டுக் கறி பார்க்கப் போய்விட்டாள். எனக்கு மூக்கில் வேர்த்தது. சீலை தெரிந்தவள்தான், சரி. உண்ணி ஏறும் என்பது இவளுக்கு எப்படித் தெரியும்? கூடாரத்துக்குள் ஒரு நாளாவது படுத்தவள் பேசுகிற பேச்சல்லவா அது? தம்பியின் கூடாரத்தைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். அவர் பார்த்த பார்வையில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது.

அதற்குப் பிறகு நான்தான் இரண்டாவது கூடாரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் பேச்சுவாக்கில் என் காதில் போட்டவள் அவள். அவளோடு படிப்பித்த வேதக்கார ரீச்சர் ஒருவர் உப்புவெளிக் கடற்கரையில் நான்கு அறைகளை வாடகைக்கு விடுகிறார். அங்கே தங்கிப் போன வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி தன் கூடாரத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறாளாம். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

ஒரு சோற்றுப் பொட்டலம் அளவில் இருந்தது. கையில் எடுத்தபோது நிறையே தெரியவில்லை. பாரமில்லாத பொருளைக் கண்டால் எனக்கு முதலில் வருவது பயம். எதையோ எடுத்துவிட்டுத் தருகிறார்கள் என்று தோன்றும். விரித்துப் பார்த்தால் நான் நினைத்தது சரி. தண்டுகள் இல்லை. மெல்லிய சீலை, வலை, கயிறு எல்லாம் இருக்கின்றன. தூக்கி நிறுத்துகிற தண்டுகளைக் காணவில்லை. தண்டு எங்கே என்று ரீச்சரைக் கேட்டேன். வந்தபடியேதான் இருக்கிறது என்றார். அறைக்குள் விழுந்திருக்குமோ, யாராவது வேலைக்கு நின்றவர்கள் எடுத்திருப்பார்களோ என்று மூன்று விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். கடைசியில் மாதா மேல் சத்தியம் பண்ணினார். சத்தியம் பண்ணுகிறவர்களை நான் அறவே நம்புவதில்லை. அத்தோடு, நல்ல சாமானை யார் விட்டுவிட்டுப் போவார்கள்? மூட்டைப்பூச்சி இருக்கலாம், சாவு வீட்டுச் சாமானாகவும் இருக்கலாம். முகர்ந்து பார்த்தேன். சவர்க்கார வாசம் வந்தது. எதை மறைக்கக் கழுவினார்களோ என்று வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் வந்து இதை விளக்கமாகச் சொன்னேன். அது ஒரு ஆள் கூடாரம் என்பதையும் கடைசியில் அலட்சியமாகச் சேர்த்துக்கொண்டேன். அவள் தைத்துக்கொண்டிருந்த துணியை விட்டுக் கண்ணை எடுக்காமல், சரி விடுங்கோ என்றாள். முப்பத்தொரு வருடத்தில் அவள் இத்தனை சுலபமாக எதையும் விட்டதில்லை. அந்த இடத்தில் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வென்றுவிட்டேன் என்ற சந்தோசத்தில் கோட்டை விட்டேன்.

ஒரு கிழமைக்குப் பிறகுதான் அது கண்ணில் பட்டது. அவள் விடியப் புறத்தில் கோயிலுக்குப் போய்வருவது வழக்கம். யாத்திரைக்கு முன் கால் பழக வேண்டும் என்று, இப்போது கொஞ்சம் சுற்றி நடந்து வருவதாகச் சொல்லியிருந்தாள். ஐந்து மணிக்குப் போனால் ஏழரைக்கு வருவாள். அன்றைக்குத் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தபோது பார்த்தேன், நெற்றியில் திருநீறு இல்லை. அடுத்த நாளும் இல்லை. சேலைக் கரையில் மணல் இருந்தது. வலது கன்னத்தில் ஏதோ அழுந்திய தடம் இருந்தது.

நான் என்னென்ன நினைத்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். முதலில், யாரோ ஒரு சாத்திரியாரிடம் போகிறாள் என்று நினைத்தேன். எனக்கு எப்போது சாவு என்று கேட்டுவைக்கப் போகிறாளாக்கும். பிறகு, ஜெபக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாளோ என்று நினைத்தேன். கதிர்காமம் என்று சொல்லிக்கொண்டு வேறெங்கோ போகிற எண்ணமோ? அதற்கும் பிறகு நினைத்ததை மட்டும் எழுதவில்லை. அவளுக்கு வயது ஐம்பத்தேழு. அந்த நினைப்பு வந்த கணத்திலேயே அது பொய் என்று தெரியும், ஆனாலும் அது வந்து பாதி நாள் என்னோடு இருந்தது.

மூன்றாம் நாள் சைக்கிளில் பின்னால் போனேன். அவள் கோயில் பக்கம் திரும்பவே இல்லை. உப்புவெளிப் பக்கம் கடற்கரையால் இறங்கி நடந்தாள். முதுகில் ஒரு பை, கையில் ஒரு தடி. என்னோடு வரும்போது என் அளவுக்குக் காலை எடுத்து வைக்கிறவள், அங்கே கையை வீசிக்கொண்டு அப்படி ஒரு வேகமாகப் போனாள். மணலில் சைக்கிள் ஓடவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. கரையில் ஏற்றியிருந்த ஒரு வள்ளத்தின் மறைவில் நின்றுகொண்டேன்.

ஒரு தாழை மறைவில் அவள் பையை இறக்கினாள். உள்ளிருந்து எடுத்தது அந்தக் கூடாரம். உப்புவெளியில் நான் முகர்ந்து பார்த்துவிட்டு வந்த அதே கூடாரம். கையில் இருந்த தடியை நடுவில் ஊன்றி, சீலையை அதன் மேல் போட்டாள். கயிறுகளின் நுனியில் தானே தைத்த சின்னப் பைகள் கட்டியிருந்தன. மணலை அள்ளிப் பைகளை நிரப்பி நான்கு பக்கமும் இழுத்து வைத்தாள். கூடாரம் எழுந்து நின்றது. நான் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டு நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தண்டு களவு போகவில்லை. நடக்கிறவரின் ஊன்றுகோலில் நிற்பதற்கென்றே செய்த கூடாரம் அது. ரீச்சர் பாவம், மாதா மேல் சத்தியம் வேறு பண்ணியிருந்தார்.

இனி யாரோ வரப்போகிறார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. அவள் உள்ளே போனாள், வலையை இழுத்து மூடினாள், படுத்தாள். அவ்வளவுதான். வெயில் ஏறத் தொடங்கியது. பத்து நிமிடம், இருபது நிமிடம் ஆகியும் ஒரு அசைவும் இல்லை. எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் வலை ஒதுக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் போய், அந்தக் கூடாரத்தில் என்ன நடக்கிறது என்று, யாரோ எவரோ போலக் கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்த அக்கா நித்திரை கொள்ளுறா. ஒவ்வொரு நாளும் வந்து ஒரு மணித்தியாலம் கொள்ளுவா. நாங்கள் அந்தப் பக்கம் சத்தம் போடுறேல்ல. நீங்கள் ஆர்?"

 சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏழரைக்கு அவள் வந்தபோது நான் குசினியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். உப்புவெளியில் நல்ல நித்திரையோ என்று கேட்டேன். குத்தலாகத்தான் கேட்டேன். அவள் அதிர்ச்சியடைவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பையை இறக்கி வைத்துவிட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் வருகிறீர்கள் என்று சைக்கிள் சத்தத்தில் தெரியும் என்றாள். தெரிந்துகொண்டுமா படுத்தீர் என்று கேட்டேன். படுத்தால்தான் நம்புவீர்கள் என்று தெரியும் என்றாள்.

"வீட்டில கட்டில் இருக்கு. கடற்கரையில என்ன நித்திரை?"

அவள் சேலைக் கரையில் இருந்த மணலைத் தட்டினாள். பிறகு சொன்னாள்.

"நீங்கள் ஆஸ்பத்திரியால வந்த நாளில இருந்து நான் ஒழுங்கா நித்திரை கொள்ளேல்ல. உங்கட மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறன். அது ஒருக்கா நிண்டு பிறகு வரும். நிக்கிற நேரம் நான் எண்ணுவன். இருபதுக்கு மேல போனா உங்களைத் தட்டுவன். நீங்கள் திரும்பிப் படுப்பீங்கள். திரும்ப எண்ணத் தொடங்குவன்."

இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தில் எப்போதாவது நான் கண் முழித்தபோது அவள் விழித்திருந்ததைக் கண்டிருக்கிறேன். எதையோ என்னிடம் மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் அவளுடைய அலுமாரியைக் கிளறியும் பார்த்திருக்கிறேன். ஊரில் உள்ள தராசு, தீப்பெட்டி, பிள்ளைகளின் சுவர் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவன், என் சொந்த மூச்சைச் சந்தேகப்படவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். சொன்னால் நீங்களும் படுக்காமல் உங்கள் மூச்சைக் கேட்டுக்கொண்டு இருப்பீர்கள், உங்கள் குணம் எனக்குத் தெரியாதா என்றாள். 

அப்படியென்றால் நேர்த்தி பொய்யா என்று கேட்டேன். நேர்த்தி உண்மை, நடப்பது அதற்காகத்தான், கூடாரம் நித்திரைக்கு என்றாள்.

"நானும் வந்தா?"

"வந்தா அங்கயும் எண்ணுவன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. "ஒரு மாசம், இஞ்சேருங்கோ. ஒரு மாசம் எனக்கு அது கேக்காமல் இருக்கவேணும்."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் டொக்டரிடம் போனேன். மூச்சு நிற்பதற்கு ஒரு பரிசோதனை இருக்கிறதாம், கொழும்புக்குப் போக வேண்டுமாம். போய் வந்தேன். மூக்கில் மாட்டுகிற மெசின் ஒன்றுக்கு எழுதித் தந்தார்கள். அது வரும் என்றார்கள், நான் நம்பவில்லை. பிறகு, அவளுடைய கூடாரத்தை எடுத்து ஒரு மத்தியானம் முழுவதும் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தேன். அவள் தடுக்கவில்லை. தையலில் பிழை இல்லை, வலையில் ஓட்டை இல்லை, மணல் பைகளில் நூல் கூடப் பிசிறவில்லை. மீன்சந்தைத் தராசில் நிறுத்தேன். பையில் எழுதியிருந்ததை விடப் பத்துக் கிராம் குறைவு. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது, ஆனால் குறை சொல்ல ஏலாது.

வைகாசிக் கடைசியில் கூட்டம் வந்தது. நகரத்துக் கோயில் மண்டபத்தில் நின்றவர்களை நான் ஒவ்வொருவராக நோட்டம் விட்டேன். வேல் தூக்கியவரின் கால் வீங்கியிருந்தது. இரண்டு பேர் யாத்திரைக்கு வந்தவர்கள் போலவே இல்லை. பெண்களில் பாதிப் பேருக்குச் செருப்பு இல்லை. இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு பையைத் தோளில் மாட்டினாள். என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அவள் மட்டும்தான் ஊன்றுகோலை ஊன்றாமல், தோளில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் போன் எடுப்பாள். நான் கேள்விகளை ஒரு துண்டில் எழுதி வைத்திருப்பேன். மூதூரில் வலையின் ஸிப் இறுகுகிறதா என்று கேட்டேன். நல்லம் என்றாள். வாகரையில் கச்சான் காற்றுக்கு மணல் பை தாங்குகிறதா என்று கேட்டேன். நல்லம். மட்டக்களப்பில் கீழ்ச்சீலையில் முள்ளுக் குத்தியிருக்கிறதா, திருக்கோயிலில் உள்ளே வெக்கையா. எல்லாவற்றுக்கும் நல்லம், நல்லம். வெக்கைக்கு எப்படி நல்லம் என்று சொல்ல முடியும் என்று மகளிடம் வீடியோவில் முறையிட்டேன். அப்பா, நீங்கள் அம்மாவோட கதைக்கிறேல்ல, விசாரணை செய்யுறீங்கள் என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். கடைசியில், கூடாரம் தரமானது என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். தெரிந்தவர்களிடம் அதை மெச்சியும் சொன்னேன்.

பாணமையில் இருந்து ஒரு நாள் எடுத்தாள். அதற்கு அப்பால் காடு. ஐந்தாறு நாளைக்குப் போன் வேலை செய்யாது. யானையும் கரடியும் உள்ள காடு, ஆறு கடக்க வேண்டும், தண்ணீர் இல்லாத இடங்கள் உண்டு. துண்டு என் கையில் இருந்தது. பயத்தில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் அவளும் காத்திருந்தாள். நான் கேட்காமல் இருப்பது அவளுக்குப் புதிது.

"இஞ்சேருங்கோ, ஒண்டு சொல்லவேணும். கோவிக்கப் பிடாது. கூடாரம் என்னட்ட இல்லை."

எங்கே, யார் எடுத்தது, எப்போது என்று மூன்று கேள்வியும் ஒன்றாக வந்து நாக்கில் நின்றன. மென்று விழுங்கினேன். அவளே சொன்னாள். வெருகலில் கொடுத்துவிட்டாளாம். கைப்பிள்ளையோடு நடக்கிற ஒருத்தி, நுளம்பு பிள்ளையைக் கடித்து உடம்பெல்லாம் தடித்துப் போயிருக்கிறது, பார்க்க ஏலாமல் கொடுத்துவிட்டாளாம். வெருகல் அவள் நடக்கத் தொடங்கிச் சில நாளிலேயே வந்துவிட்ட இடம். அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்கு மேலாக, கையில் இல்லாத கூடாரத்துக்கு எனக்கு நல்லம், நல்லம் என்று சொல்லி வந்திருக்கிறாள். நானும் நம்பியிருக்கிறேன்.

கூடாரம் போகட்டும். எனக்கு வேறொன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

"அப்ப நித்திரை?" என்று கேட்டேன்.

"நல்ல நித்திரை. விடிய ஆரும் தட்டித்தான் எழுப்பவேணும்" என்றாள். மண்டபத்தில் எல்லோருக்கும் நடுவில் படுக்கிறாளாம். பக்கத்தில் வயது போன ஒரு அம்மா, மூதூரில் இருந்து கூட வருகிறவ, பெரிய குறட்டை. அவவுக்கும் மூச்சு ஒருக்கால் நின்று பிறகு வருமாம்.

"அது உமக்குக் கேக்கேல்லையோ?"

"கேக்குது. பிள்ளையாரே எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பிப் படுத்திடுவன். அவ எனக்கு ஆர்? உங்கட மூச்சைத்தான் என்னால கேட்டுக்கொண்டு படுக்க ஏலாது."

நான் போனைக் காதில் இருந்து எடுக்கவில்லை. அவளும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஆட்கள் கதைப்பதும், யாரோ பானை கழுவுவதும் கேட்டது. அவற்றுக்கு நடுவில், நடந்த களைப்பில் அவள் மூச்சு விடுவதும் கேட்டது. பற்றரி முடிகிறது என்று அவள் சொல்லும்வரை அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.